ஐஸ்லாந்துக் கல் கிள்ளான் வந்த வழி

கிள்ளானில் சர் சி.வி. ராமனைப் பற்றிப் பேசப் போகிறவர் ஒரு கேள்விக்குத் தயாராகப் போவது நல்லது. கடல் ஏன் நீலம் என்று அவர் உருக்கமாகச் சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து யாராவது எழுந்து, "ஐயா, நம்ம போர்ட் கிள்ளான் கடல் நீலமா இல்லையே?" என்பார். கூட்டம் சிரிக்கும். பேச்சாளரும் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார். எனக்கென்னவோ கூட்டத்திலேயே உருப்படியான கேள்வி அதுதான் என்று படும். 1921இல் கப்பல் மேல்தளத்தில் நின்றபடி ராமன் கேட்டுக்கொண்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். அவர் சட்டைப்பையில் ஒரு கல் இருந்தது. பின்வரிசைக்காரருக்கு அது இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

இந்தக் கட்டுரை அந்தக் கல்லைப் பற்றியது. பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமிருக்காது. கட்டைவிரல் பருமனில் ஓர் உலோகக் குழாய். அதற்குள் சாய்வாக அறுத்து மறுபடி ஒட்டிய தெளிந்த படிகம். நிக்கோல் பட்டகம் என்று பெயர். இயற்பியலின் பொதுமேடைகளில் இவ்வளவு தூரம் நடந்த பொருள் அதிகமில்லை.

பிறந்த இடம் ஐஸ்லாந்தின் கிழக்குக் கரை. எஸ்கிஃபியோர்துர் என்ற மீன்பிடி ஊருக்குப் பக்கத்தில் ஹெல்குஸ்தாதிர் என்றொரு மலைச்சரிவு இருக்கிறது. அங்கே எரிமலைப் பாறையின் வெடிப்புகளுக்குள் வெந்நீர் புகுந்து, தன்னில் கரைந்திருந்த சுண்ணாம்பை அவசரமில்லாமல் படியவிட்டது. அப்படி விளைந்தவை கண்ணாடிபோல் தெளிந்த கால்சைட் படிகங்கள். ஒரு துண்டை எடுத்து எழுத்தின்மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். கல்லைத் திருப்பினால் ஒரு பிம்பம் நின்ற இடத்தில் நிற்கும், மற்றொன்று அதைச் சுற்றிவரும். டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முஸ் பார்த்தோலின் 1669இல் இதை நூலாகவே எழுதி வெளியிட்டார். ஹாலந்தின் ஹைகன்ஸ் 1690இல் வெளியிட்ட ஒளி நூலில் பிம்பம் இரண்டாவதற்குக் கணக்குச் சொன்னார். ஆனால் ஒரு கல்லைத் தாண்டி வந்த ஒளியை இரண்டாவது கல்லுக்குள் விட்டபோது, திருப்புவதைப் பொறுத்துப் பிம்பங்கள் மங்குவதும் மறைவதுமாக இருந்தது. அதற்குத் தனக்கு விடை கிடைக்கவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்தார்.

விடையின் முதல் நுனி 1808இல், பாரிஸில், ஒரு சாயங்காலத்தில் அகப்பட்டது. எத்தியென் மாலுஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் தம் வீட்டிலிருந்து எதிரேயுள்ள லக்சம்பர்க் அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயும் சூரியன் அரண்மனைச் சன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கையிலிருந்த ஐஸ்லாந்துக் கல் வழியாகப் பார்த்தபடி அதைத் திருப்பினார். இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கி, பிறகு மற்றொன்று மங்கியது. கண்ணாடியிலோ நீரிலோ சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் சூரியனிலிருந்து நேரே வரும் வெளிச்சத்தைப் போன்றதில்லை என்று அன்று தெரிந்தது. சூரிய ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. தெறித்த ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கிறது. தமிழ்ப் பாடநூல்கள் இதைத் தளவிளைவு என்கின்றன. வீட்டு வாசலின் இரும்புக் கிராதியில் ஈர்க்குக் குச்சியை நிமிர்த்திப் பிடித்தால் நுழைந்துவிடும், படுக்கவைத்தால் முட்டிக்கொண்டு நிற்கும். ஐஸ்லாந்துக் கல் ஒளிக்கு வைத்த கிராதி.

ஆனால் வெறும் கல்லில் இரண்டு பிம்பமும் சேர்ந்தே வந்து தொல்லை கொடுக்கும். ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றொன்றை மட்டும் விட வேண்டும். அதைச் செய்துகாட்டியவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் நிக்கோல். இவரிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் இவர் வந்ததே உரைமேடையிலிருந்து.

நிக்கோலின் மாமா ஹென்றி மாய்ஸ், பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டனில் ஊர் ஊராகப் போய் வேதியியலும் இயற்பியலும் பேசியவர். டிக்கெட் வாங்கிக்கொண்டு சனங்கள் கேட்டார்கள். அமெரிக்காவரை போய்ப் பேசிவிட்டு வந்தார். குழந்தையாக இருந்தபோது அம்மை போட்டு அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. கண் தெரியாத ஒருவர் மேடையேறி ஒளியைப் பற்றிப் பேசினார். செய்முறைகளைக் காட்ட ஒரு கை தேவைப்பட்டது. அந்தக் கைதான் நிக்கோல். மாமாவுக்கு உதவியாளாகத் தொடங்கி, பின்னர் தாமும் எடின்பரோவில் இயற்பியல் உரையாளர் ஆனார். கூட்டத்தின் முன் ஒரு செய்முறை சொதப்பினால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 1828இல் அவர் வெளியிட்ட வழி மேடைக்காரரின் மூளையில் உதித்ததுபோலவே எளிமையானது. நீண்ட படிகத்தைக் குறுக்குச் சாய்வாக அறுத்து, கனடா நாட்டு மரமொன்றின் பிசினால் மறுபடி ஒட்டினார். பிசின் படிகத்தைவிடச் சற்றுத் தளர்வான ஊடகம். இரண்டாகப் பிரிந்த கதிர்களில் ஒன்று பிசின் படலத்தில் மோதி முழுதாகத் தெறித்துப் பக்கவாட்டில் போய் ஒழிந்துவிடும். மற்றொன்று தடையில்லாமல் நேரே வெளிவரும். ஒரே திசையில் அதிரும் சுத்தமான ஒளி கிடைத்துவிட்டது.

அடுத்த ஐம்பது ஆண்டில் இந்தப் பட்டகம் ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தது; சர்க்கரை ஆலைகளில்கூடச் சாற்றின் இனிப்பை அளக்க உதவியது. நமக்கு வேண்டிய பாதை லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் வழியாகப் போகிறது. 1820களின் நடுவில் மைக்கேல் ஃபாரடே அங்கே வெள்ளிக்கிழமை மாலை உரைகளைத் தொடங்கிவைத்தார். இளைஞர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைகளும் அதே காலத்தில் பிறந்தவை. ஃபாரடேவே 1845இல் நிக்கோல் பட்டகத்தின் துணையோடு காந்தம் ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்புகிறது என்று கண்டார். அவருக்குப் பின் அதே மேடையில் நின்ற ஜான் டிண்டல், 1869இல் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு வானத்தையே செய்து காட்டினார். மெல்லிய ஆவியை நிரப்பி, பலமான ஒளிக்கற்றையைப் பாய்ச்சினார். துகள்கள் மிக நுண்ணியவையாக இருக்கும்வரை குழாய் நீலமாக ஒளிர்ந்தது. கற்றைக்குச் செங்குத்தாக நின்று நிக்கோல் பட்டகத்தைத் திருப்பினால் நீலம் அணைந்தது, மறுபடி திருப்பினால் எரிந்தது. வெளியே வானத்தைப் பார்த்தாலும் அப்படியே. வானத்தின் நீலம் சிதறிய ஒளி என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு கழித்து ராலே பிரபு அதற்குக் கணக்குப் போட்டார்: நுண்துகள்கள் சிவப்பைவிட நீலத்தைப் பலமடங்கு அதிகமாகச் சிதறடிக்கும்.

அந்த ராலேதான் 1910இல், அதே ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடையில், ஆழ்கடலின் நீலம் தண்ணீருடையது அல்ல, வானத்தின் பிரதிபலிப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி. யாரும் மறுத்துப் பேசவில்லை.

கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் ராயல் இன்ஸ்டிடியூஷனைப் போல ஒன்று தம் ஊரிலும் வேண்டும் என்று கிளம்பினார். ஊர் ஊராகப் பணம் கேட்டு, 1876இல் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் திறந்தார். தொடக்கத்தில் அங்கே நடந்தது முக்கியமாகப் பொது உரைகள்தாம். பெல்ஜியத்திலிருந்து வந்த பாதிரியார் லாஃபோன் செய்முறைகளோடு பேசினார். ஆராய்ச்சிக்கு ஆள் வரவில்லை என்ற மனக்குறையோடு 1904இல் சர்க்கார் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1907இல், கணக்குத் தணிக்கை அதிகாரியாகக் கல்கத்தாவில் வேலையேற்க வந்த தமிழ் இளைஞர் ஒருவர் டிராமில் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். வயது 18. காலையும் இரவும் கழகத்தில், நடுவே அலுவலகம் என்று பத்தாண்டு ஓட்டி, 1917இல் பேராசிரியரானார். பொதுமக்களுக்காகக் கட்டிய உரைக்கூடம் ஒரு ஆராய்ச்சியாளனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

1921இல் ராமன் முதன்முறையாக ஐரோப்பா போனார். ஆக்ஸ்ஃபர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குக் கல்கத்தாவின் பிரதிநிதி. திரும்பும்போது ஏறிய கப்பல் எஸ்.எஸ். நார்குண்டா. மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கட்டத்தைச் சொல்லும்போது நம் பேச்சாளர்கள் "கடலைப் பார்த்தார், வியந்தார், நோபல் பரிசு பெற்றார்" என்று மூன்றே தாவலில் முடித்துவிடுகிறார்கள். நடுவிலுள்ளதுதான் இயற்பியல். ராமன் சட்டைப்பையிலிருந்து நிக்கோல் பட்டகத்தை எடுத்தார். நீரின் மேற்பரப்பில் தெறிக்கும் ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 53 பாகைச் சாய்வில் பார்த்தால், முழுக்க ஒரே திசையில் அதிரும். அந்தக் கோணத்தில் பட்டகத்தைப் பிடித்துச் சரியாகத் திருப்பினால் பிரதிபலிப்பு செத்துப்போகும். ராலே சொன்னது சரியென்றால் அப்போது கடலின் நீலமும் போய்விட வேண்டும். போகவில்லை, இன்னும் கூடிற்று. வானத்தைத் துடைத்து எடுத்த பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. நீலம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது.

பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் நின்றபோதே, செப்டம்பர் 26 தேதியிட்டு, 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது அவர் வாதம். அது பாதி உண்மை. தண்ணீர் சிவப்பு ஒளியைச் சிறிது சிறிதாக விழுங்கிவிடுவதும் கடல் நீலத்துக்குப் பெரிய காரணம் என்று இப்போது அறிவோம். மேடையில் ராமனைப் போற்றுபவர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். சொன்னால் ராமனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பாதி சரியான விடை அவரை எங்கே கொண்டுபோய்விட்டது என்று பாருங்கள். தண்ணீரிலும் பிற திரவங்களிலும் ஒளிச்சிதறலைத் தேடி ஏழு ஆண்டு உழைத்தார்கள். விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பிலிருந்து வந்த கே.எஸ். கிருஷ்ணன் 1928 தொடக்கத்தில் திரவங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, பட்ட ஒளியின் நிறத்திலேயே இல்லாத ஒரு மங்கிய ஒளி வந்தது. முதலில் அதை ஏதோ ஒளிர்வு என்று ஒதுக்கியிருக்கலாம். நிக்கோல் பட்டகம் வழியாகப் பார்த்தார்கள். அந்த ஒளி தளவிளைவுக்கு உட்பட்டிருந்தது. சாதாரண ஒளிர்வு அப்படி இருக்காது. சுமார் 60 திரவங்களில் அதே அடையாளம். பிப்ரவரி 28இல் நிறமாலையில் புதிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. மார்ச் 16 அன்று பெங்களூரில் கூட்டம் கூட்டி ராமன் அதை விரிவாக விளக்கினார். உரைக்கூடத்தில் தொடங்கிய விஷயம் உரையாகவே வெளியே வந்தது. 1930இல் நோபல் பரிசு; அங்கே ஆற்றிய உரையைக் கடலின் நிறத்திலிருந்துதான் ஆரம்பித்தார். நார்குண்டா கப்பலோ 1942 நவம்பரில் அல்ஜீரியக் கரையோரம் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் மூழ்கி, அதே மத்தியதரைக் கடலுக்கு அடியில் போய்விட்டது.

ராமன் கடைசிவரை பேசினார். வானொலியில் பேசினார், ஆண்டுதோறும் காந்தி நினைவு உரை ஆற்றினார், 80 வயதில், 1968 டிசம்பரில், அகமதாபாத்தில் வானம் ஏன் நீலம் என்று மாணவர்களிடையே பேசினார். மற்ற அறிஞர்கள் ஓய்வெடுக்கும் வயதில் முதல் வகுப்புக் கேள்வியை மறுபடி எடுத்துக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும்.

நிக்கோல் பட்டகத்தின் காலம் அதற்கு முன்பே முடிந்துகொண்டிருந்தது. ஹெல்குஸ்தாதிர் சுரங்கத்தில் நல்ல கல் தீர்ந்துகொண்டே வந்தது, விலை ஏறியது. பெரிய கல் கிடைத்தால்தான் பெரிய பட்டகம். எனவே எப்போதும் ஒருவர் மட்டும் எட்டிப் பார்க்கும் பொருளாகவே அது இருந்துவிட்டது. இந்தக் குறையைத் தீர்த்த வழி நம் கிள்ளான் பக்கமாக வருகிறது, அதுவும் மலேரியா மூலமாக.

1852இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் ஹெராபத் என்ற மருத்துவரின் மாணவர், கொய்னா கொடுத்த ஒரு நாயின் மூத்திரத்தில் அயோடினைக் கலந்தார். ஏன் கலந்தார் என்று கேட்கக் கூடாது. மருத்துவ மாணவர்கள் அப்படித்தான். பச்சை நிறத்தில் மின்னும் நுண்ணிய ஊசிகள் தோன்றின. இரண்டு ஊசிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்த இடம் கருமையாகத் தெரிந்தது. கல்லே இல்லாமல் கிராதி கிடைத்துவிட்டது. ஆனால் ஊசிகள் தொட்டால் உடையும். பெரிதாக வளர்க்க ஹெராபத்தால் முடியவில்லை.

கொய்னா என்றதும் கிள்ளானில் பழைய குடும்பங்களுக்கு நாக்கில் கசக்கும். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்ட கையோடு மலேரியாவால் முடங்கிப்போனது. மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வெட்டி வடித்து நோயை அடக்கிய கதை உலக மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் வரிசையில் நின்று கொய்னா விழுங்கினார்கள். அதே கொய்னாதான் அமெரிக்காவில் வேறொரு வேலைக்குப் போனது. எட்வின் லேண்ட் என்ற இளைஞர் ஹெராபத்தின் ஊசிகளைப் பற்றிப் படித்துவிட்டு, ஊசிகளை வளர்ப்பதற்குப் பதில் நுணுக்கி, பிளாஸ்டிக் படலத்தில் கலந்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் படுக்கவைத்தார். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 19. பின்னர் 1938வாக்கில் கொய்னாவும் கழன்றுகொண்டது. இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் படலத்தில் அயோடினை ஏற்றினாலே போதும் என்றாயிற்று. முழக்கணக்கில் தயாராகும் தாள். 1970களில் நீர்மப்படிகத் திரை வந்தபோது அதன் முன்னும் பின்னும் இந்தத் தாள் ஒவ்வொன்று ஒட்டப்பட்டது. கால்குலேட்டர், மடிக்கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் நிக்கோலின் வாரிசு இருக்கிறது. ராமன் சட்டைப்பையில் ஒன்று வைத்திருந்தார். இன்று பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சோறு சாப்பிடும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஏதோ ஒரு வடிவில் அது உண்டு. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

மூலப்பொருளான கால்சைட்டும் நமக்கு அந்நியமில்லை. பத்துமலை முழுவதும் கால்சைட். 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, பூமியின் வெப்பத்தில் வெந்து இறுகி, மேலெழுந்த பாறை அது. ஐஸ்லாந்துக் கல்லும் முருகன் குடியிருக்கும் குகையும் வேதியியலில் ஒரே பொருள். அங்கே ஒரே படிகம் பெரிதாக வளர்ந்தது, தெளிந்தது. இங்கே எண்ணற்ற சிறு படிகங்கள் தாறுமாறாக நெருக்கிக்கொண்டிருப்பதால் ஒளி உள்ளே போய்த் தட்டுத்தடுமாறிச் சிதறிவிடுகிறது, பாறை வெளிறித் தெரிகிறது. 272 படி ஏறி மேலே போய் நிற்கும்போது விழுதுகளில் சொட்டும் நீர் இன்றும் கால்சைட்டைப் படியவிட்டுக்கொண்டிருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிவரும் கூட்டத்தில் எத்தனை இயற்பியல் மாணவர்கள்! அவர்களில் ஒருவருக்காவது இதை யாரேனும் அங்கேயே வைத்துச் சொல்லியிருக்கலாம்.

கோலாலம்பூர் நகரத்தின் அடியிலும் இதே சுண்ணாம்புப் பாறைதான் விரிந்து கிடக்கிறது. அதன் பொந்துகளிலும் பள்ளங்களிலும் தங்கிய ஈயமண்தான் இந்த ஊரையே உண்டாக்கிற்று. இரட்டைக் கோபுரம் கட்டப் போனபோது, முதலில் குறித்த இடத்தில் ஒரு பாதிக்குக் கீழே அரித்துப்போன சுண்ணாம்புப் பாறையும் மறுபாதிக்குக் கீழே மென்மையான மண்ணும் இருக்கவே, கட்டடத்தைச் சுமார் 60 மீட்டர் தள்ளிவைத்து, ஆழமான அடித்தூண்களின்மேல் எழுப்பினார்கள். அந்தக் கட்டடத் தொகுதியில் 1999 முதல் பெட்ரோசைன்ஸ் அறிவியல் மையம் இயங்குகிறது. அதற்கு ஐந்தாண்டு முன்பே ஏரித்தோட்டத்தின் பக்கம் தேசியக் கோளரங்கம் திறந்துவிட்டார்கள். நல்ல இடங்கள்தாம். ஆனால் பள்ளிப் பேருந்தில் ஒருமுறை போய் வருவதும், உள்ளூர் மண்டபத்தில் தாய்மொழியில் ஒருவர் நின்று பேசக் கேட்பதும் வேறுவேறு.

உரை கேட்கும் பழக்கம் நம்மிடம் நிறையவே உண்டு. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமக் கட்டடம் 1904இல் எழுந்தது. அந்த வட்டாரத்தில் சமயச் சொற்பொழிவும் இலக்கிய உரையும் ஓயாது. "இயற்கையின் மர்மங்கள்" என்று தலைப்பு வைத்தால் அறிவியலுக்கும் கூட்டம் வரும். எனக்கு வருத்தம் தருவது அதற்குப் பிறகு நடப்பது. வாழ்த்துப் பாடல், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, மறுபடி ஒரு பொன்னாடை. பேச்சாளருக்கு நாற்பது நிமிடம் மிஞ்சும். அவரும் கருந்துளை, பெருவெடிப்பு, அணுவுக்குள் அண்டம் என்று படக்காட்சியை ஓட்டி, எல்லாம் நம் சித்தர்கள் அன்றே சொன்னதுதான் என்று முடித்தால் கைத்தட்டல் நிச்சயம். கேட்டவர்கள் மனம் நிறைந்து வீட்டுக்குப் போகிறார்கள். கையில் ஒன்றும் இல்லை. மாய்ஸ் கண் தெரியாதவர். அவரே செய்முறை இல்லாமல் மேடையேறவில்லை.

போர்ட் கிள்ளான் கேள்விக்கு வருவோம். தளவிளைவுக் கறுப்புக் கண்ணாடி ஒன்று போதும். பூலாவ் கெத்தாம் படகுத்துறையில் நின்று, ராமன் பார்த்த அதே சாய்வில் நீரைப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் திருப்புங்கள். மேற்பரப்பின் வெள்ளைப் பளபளப்பு மங்கி மறையும். நீரின் பழுப்பு இன்னும் அடர்த்தியாகும். வானம் கடன் கொடுத்த வெளிச்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது அந்த நீரின் சொந்த நிறம். கிள்ளான் ஆறு அடித்துவரும் வண்டல் மூலக்கூறைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் வேற்றுமை பாராமல் சிதறடிக்கும். சதுப்புக் காட்டின் இலைச்சாறு நீலத்தை விழுங்கிக்கொள்ளும். ஆகவே பழுப்பு. ரெடாங் தீவுக்குப் போனால் வண்டலும் இல்லை, சாறும் இல்லை. நீலம் தன் வேலையைச் செய்கிறது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிய நம் பெரியவர்கள், வங்கக் கடலில் கருநீலமாக இருந்த தண்ணீர் கரை நெருங்க நெருங்கப் பச்சையாகி, பழுப்பாகி, துறைமுகம் வந்ததைப் பார்த்திருப்பார்கள். ஒரே பயணத்தில் முழுப் பாடமும் கண்முன் ஓடியிருக்கிறது. ராமனுக்கு மத்தியதரைக் கடலில் கிடைத்த செய்முறை போர்ட் கிள்ளானிலும் அப்படியே நடக்கும். விடை மட்டும் வேறு.

புகைமூட்டமும் இதே பாடத்தின் இன்னொரு பக்கம். 2005 ஆகஸ்ட் 11இல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் தளவிளைவுத் தாளை வானத்துக்கு நேரே பிடித்துத் திருப்பினால் அநேகமாக ஒன்றும் நிகழாது. பெரிய புகைத்துகள்கள் ஒளியைப் பலமுறை பந்தாடி ஒழுங்கைக் குலைத்துவிடுகின்றன. வானம் வெளுத்துக் கிடக்கிறது. சாயங்கால மழை காற்றைக் கழுவிவிட்ட நாளில் பாருங்கள். ஏழு மணி வாக்கில் சூரியன் மேற்கே இறங்கும்போது, தலைக்கு நேர்மேலே வடக்கு தெற்காக ஓடும் பட்டையில் வானம், தாளைத் திருப்பத் திருப்பக் கறுத்து வெளுக்கும். தளவிளைவு சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் மிக அதிகம் என்பதால் அப்படி. சூரியனை மட்டும் எந்தத் தாள் வழியாகவும் நேரே பார்க்கக் கூடாது. பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் செலவு பெரிதாக இல்லை. பழுதான கால்குலேட்டரின் திரையிலிருந்து தாளை உரித்தெடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் கண்ணே போதும்: மடிக்கணினித் திரையை வெறும் வெள்ளையாக வைத்து, உற்றுப் பார்த்தபடி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தால், பார்வையின் நடுவில் மஞ்சள் நிறத்தில் சின்னக் குஞ்சம்போல் ஒன்று மங்கலாகச் சுழலும். ஆஸ்திரியாவின் வில்ஹெல்ம் ஹைடிங்கர் 1844இல் கண்டது. விழித்திரை நிறமியே ஒளிக்குக் கிராதியாக வேலைசெய்கிறது.

அறிவியல் உரைக்கு உங்களை அழைத்தால், பிரிக்பீல்ட்ஸானாலும் கிள்ளானானாலும், படக்காட்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்பாட்டாளர்களே, ஒரு பொன்னாடைக் காசில் கைப்பிடி அளவு தாள் வாங்கி, சிறு துண்டுகளாக வெட்டி வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். பின்வரிசைக்காரர் எழுந்து கேள்வி கேட்டால் அவருக்கு இரண்டு துண்டு கொடுங்கள், திருப்பிக் கேட்காதீர்கள்.